பெயர் அச்சேறாப் பணி

செய்தி திரட்டியவர் பெயர் இதழில் வரும். அதைச் செப்பனிடும் துணையாசிரியர் பெயர் வருவதில்லை. 1904-இல் சுதேசமித்திரனில் பாரதியார் ஏற்ற பணியும் இதுவே. ஆங்கிலத் தந்திச் செய்திகளை அவர் தமிழாக்கினார். பிற்காலத்தில் தொலை அச்சுப்பொறி ஆங்கிலத்தில் கொட்டியவற்றை நாங்கள் நள்ளிரவில் தமிழாக்கினோம். அச்சுக்கோப்பவர் காத்திருப்பார், அகராதி புரட்ட நேரமிராது. தலைப்புக்கோ இடம் குறைவு. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பதைக் 'குற்றவாளி' எனச் சுருக்கினால் இடம் மிஞ்சும். ஆனால் தீர்ப்புக்கு முன்பே ஒருவரின் மானம் போய்விடும். ஆதலின் வேறு சொற்களைக் குறைத்தோமேயன்றி, அதைச் சுருக்க ஒருபோதும் உடன்பட்டதில்லை. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தோடு இவ்விரு சொற்களின் வேற்றுமையையும் கற்பிப்போம். மொழியைப் பேணுவதில் அதுவும் அடங்கும்.