செய்யாற்றுக்கு ஒரு காலை பஸ்

செய்யாறு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பக்தி உள்ளவர்கள் திருவோத்தூர் வேதபுரீஸ்வரர் கோயிலைச் சொல்வார்கள். காய்க்காத ஆண் பனையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிக் காய்க்க வைத்த தலம் அது. புடவைப் பிரியர்களோ, "பட்டுக்குப் பேர்போன ஆரணிக்குப் பக்கம்தானே!" என்பார்கள். எனக்கு இனிமேல் அந்த ஊர் பெயரைக் கேட்டால் ஒரு டவுன் பஸ்ஸும், அதில் ஜன்னலோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் அக்காவும்தான் நினைவுக்கு வருவார்கள்.

என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது ஆரணிக்கும் செய்யாற்றுக்கும் நடுவே ஒரு நெசவுக் கிராமத்தில். நாலு நாள் தங்கலாம் என்று போயிருந்தேன். தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம் வா வா என்று கூப்பிடுகிறது. ஆண்கள் குழித்தறியில் காலை விட்டு நெய்ய, பெண்கள் தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதுமாக இருக்கிறார்கள். கூலி நாள் கணக்கில் இல்லை, புடவைக் கணக்கில்தான். ஒரு நாள் தறி நின்றால் கூலியும் ஒரு நாள் தள்ளிப்போகும். புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிற நாம் இதையெல்லாம் எங்கே நினைக்கிறோம்!

அடுத்த வீட்டு அக்கா திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். வலது கால் கட்டைவிரலில் பழைய துணிச் சுற்று.

"என்னக்கா, காலில் அடியா?"

"செருப்பு கடிச்சுதும்மா. பத்து நாளா ஆறவே மாட்டேங்குது."

"சர்க்கரை இருக்கா?"

"அது ஆறேழு வருஷமா இருக்குது. மாத்திரை தீந்து ஒரு மாசம் ஆவுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்க்கா, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சும்மாதானே தர்றாங்க?"

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாத்திரை சும்மாதாம்மா. பொம்பளைங்களுக்கு பஸ்ஸும் சும்மாதான். நாளு சும்மா வருமா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குக் காலையில் நான் கூட வர்றேன், கிளம்புங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்கே எழுந்து கிளம்பினோம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் அக்கா காபிகூடக் குடிக்கவில்லை. மெயின் ரோடு வரை ஒன்றரை மைல் நடை. புண் உள்ள காலை இழுத்து இழுத்து நடந்தார். "வலிக்குதா?" என்றால், "வலியே இல்லம்மா" என்கிறார். வலி இல்லாததுதான் பயம்! நாள்பட்ட சர்க்கரை வியாதியில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிடும். முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவதால் புண் சீக்கிரம் ஆறாது. கவனிக்காமல் விட்டால் விரலுக்கே ஆபத்து.

நாங்கள் நடக்கும்போதே ஒரு கம்பெனி பஸ் எங்களைத் தாண்டி ஊருக்குள் போயிற்று. செய்யாறு சிப்காட்டில் இருக்கும் ஷூ தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போக வருகிற பஸ். தலை நிறையப் பூவும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் தெருமுனையிலேயே ஏறிக்கொள்கிறார்கள். பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும், வேலைக்கு வாசல்வரை வருகிற பஸ், வைத்தியத்துக்கு மட்டும் ஒன்றரை மைல் தள்ளி நிற்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது.

செய்யாற்றுக்கு ரயில் கிடையாது, எல்லாவற்றுக்கும் பஸ்தான். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அது எத்தனை பெரிய உபகாரம் என்பதை அன்றைக்கு பஸ்ஸுக்குள் பார்த்தேன். பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள்தான்! ஆனால் வெளியூர் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் டவுன் பஸ் காலை ஏழு மணிக்கு ஒன்று. அதை விட்டால் பத்தரைக்கு. பத்தரை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தால் ஓ.பி. சீட்டுக்கு நேரமாகிவிடும்.

செய்யாற்றில் இருப்பது மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. சுற்று வட்டாரக் கிராமமெல்லாம் அங்கேதான் வருகிறது. வரிசையில் நின்று சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ரத்தம் கொடுத்தார் அக்கா. டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடச் சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலைக் காப்பாத்துறது கஷ்டம்மா" என்றார். ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டுமாம். அக்காவின் முகம் வாடிவிட்டது. "வாரத்துக்கு மூணு நாளா? தறி என்னாவறது?" என்று என் காதில் முணுமுணுத்தார். நான்தான் தைரியமாகக் கேட்டேன்: "டாக்டர், கட்டு மட்டும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாற்றிக்கலாமா?" "தாராளமா!" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்டால் கிடைக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

ஊர் திரும்பும்போது மணி நாலரை. ஒரு கட்டுக்கும் ஒரு பொட்டலம் மாத்திரைக்கும் முழுசாக ஒரு நாள் போய்விட்டது.

இந்தக் கஷ்டம் இன்று நேற்று வந்ததல்ல. பழைய வட ஆற்காடு ஜில்லாவில், வேலூரில் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், நோயாளிகளால் வேலூர் வரை வர முடியவில்லை என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். மருந்துப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் அவரே புறப்பட்டார். வழியில் மர நிழலில் ஜனங்கள் காத்திருப்பார்கள், அங்கேயே வைத்தியம். இங்கே ஓடும் செய்யாறு உற்பத்தியாகிற ஜவ்வாது மலையிலோ, சாலை எட்டாத குக்கிராமங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நம் காலத்திலேயே படித்திருக்கிறோம்.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். "அதில் பேர் கொடுத்தீங்களாக்கா?" என்று கேட்டேன். "எனக்கு யாரு சொன்னாங்க?" என்றார். அன்றைக்கே சுகாதாரச் செவிலியரிடம் விசாரித்துப் பெயர் எழுத வைத்தார் நாத்தனார்.

நீங்களும் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்களேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்கு உதவும்:

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் கையில் சாப்பாடும் தண்ணீரும் எடுத்துப் போகவேண்டும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறவே கூடாது. வழியில் மயக்கம் வரும். படபடப்பும் வியர்வையும் வந்தால் உடனே சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளவேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்குமுன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

108 விபத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரசவ வலி, நெஞ்சு வலி, பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் கூப்பிடலாம், காசு கிடையாது. அரசு மருத்துவமனையில் பிரசவித்தவர்கள், தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிட இலவச வண்டி உண்டா என்று கேட்கவேண்டும்.

டாக்டரிடம் மறக்காமல் மூன்று கேள்விகள்: அடுத்து எந்தக் கிழமை வரவேண்டும்? மாத்திரை எத்தனை நாளுக்கு? மீதி வைத்தியத்தைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். அக்காவின் புண் ஆறிவிட்டதாம். அதைவிட சந்தோஷமான சேதி இன்னொன்று. அந்தத் தெருவில் சர்க்கரை உள்ள பெண்கள் நாலு பேர் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்களாம். ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, மற்ற மூவரும் அவள் வீட்டுத் தாரையும் சேர்த்துச் சுற்றிவைத்துவிடுகிறார்கள். தறி நிற்பதில்லை.

நாளு சும்மா வருமா என்று அக்கா கேட்டாரே, அந்த நாளை இப்போது மூன்று பேர் சேர்ந்து அவருக்குக் கொடுக்கிறார்கள். ஊருக்குள் பஸ் வருகிற வரைக்கும் இது நடக்கட்டும். பஸ்ஸும் சீக்கிரம் வரட்டும்!