தொட்டுப் பார்க்கவும் தடை... ஆனாலும் கூட்டம் குறையவில்லை! பாத் நகரத்து வெந்நீர் ஊற்றின் கதை

லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறது பாத் நகரம். 'பாத்' என்றால் குளியல். ஊரின் பெயரே அதுதான்! ஆனால், அந்தப் பெயருக்குக் காரணமான ரோமானியக் குளத்தில் இன்று யாரும் குளிக்க முடியாது. விரலை நனைப்பதற்குக்கூட அனுமதி இல்லை.

நோய் தீர்க்கும் என்று நம்பி 2,000 ஆண்டுகளாக மக்கள் தேடி வந்த தண்ணீருக்கா இந்த நிலை?

மழையாக இறங்கி, வெந்நீராக ஏறி...

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அருகிலுள்ள மெண்டிப் மலைகளில் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறைகளின் வழியே பூமிக்குள் இறங்கியது. 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பூமியின் வெப்பம் அதைச் சூடாக்கியது. சூடான நீர் பாறைப் பிளவுகள் வழியே மேலே வருகிறது. வரும் வழியில் கால்சியம், சல்பேட், இரும்பு என்று பல தாதுக்களையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நகரத்தின் முக்கிய ஊற்றில் மட்டும் தினமும் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் பொங்குகிறது. அதன் வெப்பம் 46 டிகிரி செல்சியஸ்.

திருடனுக்கு ஒரு சாபம்

ரோமானியர்கள் வருவதற்கு முன்பே உள்ளூர் மக்கள் இந்த ஊற்றை 'சூலிஸ்' என்ற தெய்வமாக வணங்கினார்கள். வந்த ரோமானியர்கள் அந்தத் தெய்வத்தை விரட்டவில்லை. தங்கள் மினர்வா தேவியோடு சேர்த்து 'சூலிஸ் மினர்வா' ஆக்கி, கோயிலும் குளியல் கூடமும் கட்டினார்கள். பெரிய குளத்தின் தரையில் அவர்கள் பதித்த காரீயத் தகடுகள் இன்றும் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன.

ஊற்றுக்குள் கிடைத்த சுமார் 130 சிறிய தகடுகள் இன்னும் சுவாரஸ்யமானவை. குளிக்க வந்த இடத்தில் உடையையும் பொருளையும் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கும்படி தேவிக்கு எழுதிப் போட்ட சாப மனுக்கள் அவை. ஒருவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று வேண்டியிருக்கிறார்!

உண்மையில் குணமானதா?

18-ம் நூற்றாண்டில் பாத், இங்கிலாந்துப் பணக்காரர்களின் உல்லாச நகரமாகிவிட்டது. ஏழை நோயாளிகளும் வந்தார்கள். அவர்களுக்காக 1742-ல் தொடங்கப்பட்ட மருத்துவமனைதான் பிற்காலத்தில் 'மினரல் வாட்டர் மருத்துவமனை' என்று பெயர் பெற்றது. யார் குணமானார், யார் தேறினார், யாருக்குப் பலனில்லை என்றெல்லாம் அங்கே பதிவேடு வைத்தார்கள்.

அந்தப் பதிவேட்டில் ஓர் ஆச்சர்யம் இருந்தது. பெயின்டர்கள், குழாய் வேலை செய்பவர்கள் போன்றோர் காரீய விஷத்தால் கை கால் செயலிழந்து வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தேறினார்கள்.

1980-களில் மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கழுத்தளவு நீரில் நீண்ட நேரம் அமர்ந்தால், நீரின் அழுத்தத்தால் கை கால்களில் உள்ள ரத்தம் மார்புப் பகுதிக்கு நகர்கிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எண்ணி, சிறுநீரகம் அதிகமாகச் சிறுநீரை வெளியேற்றுகிறது. அதோடு காரீயமும் வெளியேறுகிறது.

அதாவது, நோயாளிகள் சொன்னது பொய்யில்லை. ஆனால், இந்த அழுத்தம் பாத் நகரத்து நீருக்கு மட்டுமே உரியதல்ல. வாரக்கணக்கில் தினமும் நீரில் அமர்ந்தது, நிறைய தண்ணீர் குடித்தது, விஷம் ஏற்றிய வேலையிலிருந்து விலகி இருந்தது எல்லாம் சேர்ந்து அவர்களைத் தேற்றின.

1978-ல் வந்த துயரம்

அந்த ஆண்டு, ஊற்று நீர் நிரப்பிய குளத்தில் நீந்திய ஒரு சிறுமி மூளைக்காய்ச்சலால் இறந்துபோனாள். வெந்நீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் சென்றிருந்தது. குளங்கள் மூடப்பட்டன. குளியலால் பெயர் பெற்ற ஊரில் குளியலே நின்றுபோனது.

பிறகு பூமிக்குள் ஆழமாகத் துளையிட்டு, மாசு படாத நீரை எடுத்தார்கள். அதைச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் 'தெர்மே பாத் ஸ்பா' 2006-ல் திறக்கப்பட்டது. இயற்கை வெந்நீரில் குளிக்க ஆசைப்படுபவர்கள் இப்போது செல்வது அங்கேதான்.

போனால் எதைப் பார்க்கலாம்?

ரோமானியக் குளத்தில் பாசியால் பச்சையாகத் தெரியும் நீரையும், அதிலிருந்து எழும் ஆவியையும் கரையில் நின்று ரசிக்கலாம். குளிர்காலத்தில் ஆவி இன்னும் அழகாகத் தெரியும். பக்கத்திலுள்ள 'பம்ப் ரூம்' உணவகத்தில் சுத்திகரித்த ஊற்று நீரை ஒரு டம்ளர் குடித்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருக்கும். பலரும் முகம் சுளித்துக்கொண்டேதான் குடிக்கிறார்கள்!

நம்பி வந்தவர்களை இந்த ஊற்று முழுதாக ஏமாற்றவில்லை. அதேசமயம், நல்ல பெயர் எடுத்த தண்ணீரையும் சோதித்த பிறகே உடம்பில் ஊற்ற வேண்டும் என்று ஒரு சிறுமியின் மரணம் அந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்தது. எந்த ஊர் ஊற்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.