‘எனக்கு’ன்னு எழுதினா யாருக்கு?

போன ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி. மணி பதினொன்று இருக்கும். அத்தை எங்கள் அறைக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, கொஞ்சம் வாயேன். மாமாவுக்கு என்னமோ பண்ணுது."

போய்ப் பார்த்தால் மாமா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. "என்ன மாமா செய்யுது?" என்று கேட்டால் வார்த்தை குளறுகிறது.

சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து விரலில் குத்தினேன். 52 என்று காட்டியது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் கொஞ்சம் தெளிந்தார். ஆனாலும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"நினைவு இருந்ததால குடிச்சுட்டார், நல்ல வேளை. இந்த மாத்திரையோட வேகம் உடம்புல ரொம்ப நேரம் இருக்கும். ஏறின சர்க்கரை மறுபடி இறங்கலாம்" என்று சொல்லி, மறுநாள் மதியம் வரை வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார் டாக்டர்.

நடந்தது இதுதான். காலை டிபனுக்கு முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை, ராத்திரி பிரஷர் மாத்திரை என்று நினைத்து மாமா இரண்டாவது தடவையாகப் போட்டுவிட்டார். தப்பு அவருடையது இல்லை. என்னுடையது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் எனக்கு அடுக்களையைச் ‘சீரமைக்கும்’ ஆசை வந்திருந்தது. செல்போனில் வரும் வீடியோக்களில் பார்த்திருப்பீர்களே, ஒரே அளவில் வரிசையாகக் கண்ணாடி டப்பாக்கள். அதைப் பார்த்துப் பார்த்து, நானும் 24 டப்பா வாங்கிவிட்டேன். அத்தை நாற்பது வருஷமாக வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டில், நசுங்கிய பிஸ்கட் டின், மஞ்சள் மூடி டப்பா எல்லாம் பரணுக்குப் போயின. அந்த வேகத்திலேயே மாமாவின் மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கி, ஒரே மாதிரி இரண்டு சின்ன டப்பாக்களில் போட்டேன். மூடியில் மார்க்கர் பேனாவால் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதினேன். ஈரக் கையால் நாலு நாள் திறந்து மூடியதில் எழுத்து அழிந்துவிட்டது. இரண்டும் வெள்ளை மாத்திரை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தைதான் புளி டப்பாவைத் தேடிக்கொண்டே சொன்னார்: "முந்தியெல்லாம் கரண்டு போனாக்கூடக் கையை நீட்டி எடுப்பேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் ஏற்கெனவே லேபிள் இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் என்றால் புளி. நசுங்கிய டின் என்றால் துவரம்பருப்பு. மஞ்சள் மூடி என்றால் கசகசா. நான் அதை எல்லாம் அழித்துவிட்டு, இடத்தில் எதையும் வைக்கவில்லை.

செய்ததைச் சரி பண்ண வேண்டும். ஒரு லேபிள் மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

உள்ளங்கையில் அடங்குகிற, ஒயர் இல்லாத மெஷின். செல்போனில் டைப் செய்தால் புளூடூத் வழியாகப் போய், பின்னால் பசை உள்ள ஸ்டிக்கராக அச்சாகி வெளியே வரும். இங்க் கிடையாது. சூட்டினாலேயே எழுத்து விழும். 1,800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்காதீர்கள். இளம்பச்சை நிறம் அழகாக இருந்தது, அவ்வளவுதான்!

முதல் தடுமாற்றம் செல்போன் ஆப்பில். கணக்கு தொடங்கு என்றது. லொகேஷன் அனுமதி கொடு என்றது. ஸ்டிக்கர் அடிக்க நான் எங்கே இருக்கிறேன் என்பது எதற்கு? ஆண்ட்ராய்டு 11 வரைக்குமான போன்களில், பக்கத்தில் உள்ள புளூடூத் கருவியைத் தேடவே அந்த அனுமதி வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் விளக்கினான். என்னுடையது பழைய போன். ‘ஆப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுத்தோம்.

அன்று சாயங்காலமே அழகழகாக ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிட்டேன். டூர் தால், உரத் தால், கொரியாண்டர் பவுடர் என்று எல்லாம் இங்கிலீஷில். வீடியோவில் அப்படித்தானே இருக்கிறது! அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து எடுத்துக்கொண்டார்.

அத்தை வாராவாரம் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பவர். ஆனால் தமிழில். இங்கிலீஷ் எழுத்து நான் ரசிப்பதற்காக ஒட்டியது. அவர் படிப்பதற்காக இல்லை.

சரி, தமிழில் அடிக்கலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த சோதனை. முதலில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றினோம். ‘உளுந்து’ சரியாக வந்தது. ‘கொத்தமல்லி’க்குக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. கடைசியில் மகன்தான் வழி கண்டுபிடித்தான். போனில் நோட்ஸில் பெரிதாக டைப் செய்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படமாக அனுப்பினால் எழுத்து பிசகாமல் வந்தது. பட்டன் வைத்த பழைய மாடல் மெஷின்களில் இந்த வசதிகூட இல்லை. அதில் உள்ள எழுத்துகள்தான் வரும்.

அப்புறம் அளவு. இந்த மாதிரிச் சின்ன மெஷின்கள் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி வைக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. இங்கிலீஷ் எழுத்துக்கு அது போதும். நம் ‘ளு’, ‘ணு’, ‘ழு’வில் இருக்கும் சுழியெல்லாம் சின்னதாக அடித்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. 12 மில்லிமீட்டர் அகல ஸ்டிக்கரில் இரண்டு வரி அடித்தேன். அத்தையால் படிக்க முடியவில்லை. ஒரே வரியாக, ஸ்டிக்கர் முழுக்க நிறைகிற மாதிரி அடித்த பிறகுதான், கையில் டப்பாவை எடுக்காமல் நின்ற இடத்திலிருந்தே "பாசிப்பருப்பு" என்று படித்தார்.

சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. அடுப்புப் பக்கத்து அலமாரியில் இருந்த கடுகு, சீரகம், எண்ணெய் பாட்டில் ஸ்டிக்கர்களெல்லாம் மங்க ஆரம்பித்தன. எண்ணெய் பாட்டிலில் ‘நல்’ மட்டும்தான் மிச்சம்.

காரணத்தை என் ஆபீஸில்தான் தெரிந்துகொண்டேன். நான் மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் மெஷினைப் பார்த்த எங்கள் ஆடிட்டர் சார், "நம்ம ஃபைலுக்கும் இதிலேயே அடிச்சிரலாமே" என்றார். பக்கத்து சீட் சீனியர் அக்கா ஒரு ஸ்டிக்கரை வாங்கி, எழுத்து இல்லாத இடத்தில் நகத்தால் அழுத்திச் சுரண்டினார். கறுப்புக் கோடு விழுந்தது.

"பஸ்ல கண்டக்டர் மெஷின்ல கிழிச்சுக் குடுப்பாரே, அந்த டிக்கெட் மாதிரி இது. பேப்பர்லயே மருந்து தடவியிருக்கும். சூடு பட்டா கறுக்கும். எண்ணெயும் வெயிலும் பட்டா மங்கிப் போகும். ஜிஎஸ்டி கணக்கை எத்தனை மாசம் வெச்சிருக்கணும் சார்?"

சாருக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். ஆறு வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தால், ஃபைல் இருக்கும், அது யாருடையது என்ற எழுத்து இருக்காது!

அக்கா எங்கள் ரெக்கார்டு ரூமின் பழைய இரும்பு பீரோவைக் காட்டினார். அதில் நீலப் பிளாஸ்டிக் பட்டையில் வெள்ளையாகப் புடைத்த எழுத்துகள். சக்கரத்தைத் திருப்பி ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எடுக்கும் கருவியில் செய்தது. 1958-ல் தொடங்கிய டைமோ கம்பெனி பெயர் வாங்கியது இந்தக் கருவியால்தான். சார் அலுவலகம் ஆரம்பித்த நாளில் ஒட்டியது, இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்தக் காலத்தில் அதற்கு ஈடு, லேமினேட் டேப். இதிலும் சூடுதான். ஆனால் சூட்டில் ரிப்பனில் உள்ள மை டேப்பில் ஒட்டிக்கொள்ளும், மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் மூடிவிடும். எழுத்து இரண்டு படலத்துக்கு நடுவில் இருப்பதால் தண்ணீர், எண்ணெய் எதுவும் தொடாது. 1988-ல் இருந்து பி-டச் மெஷின்களை விற்கும் பிரதர் கம்பெனியின் டேப் இந்த வகை. அலுவலகத்துக்கு அப்படி ஒன்றை வாங்கினோம், கம்ப்யூட்டரிலும் இணைக்கிற மாடலாகப் பார்த்து. புளூடூத் மட்டும் என்றால் ஒருவர் போனில் இணைந்திருக்கும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டும்.

விலை மெஷினோடு முடிவதில்லை என்பதும் அப்போது புரிந்தது. என் வீட்டு மெஷினுக்கு 160 ஸ்டிக்கர் உள்ள ஒரு ரோல் 200 ரூபாய்க்குள் முடிந்தது. லேமினேட் டேப் 8 மீட்டர் கேசட், 800 ரூபாயைத் தாண்டியது. அதிலும் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் முன்னால் கொஞ்சம் வெற்று டேப் வீணாகிறது. அதனால் நாலைந்து பெயரைச் சேர்த்து ஒரே தடவையாக அடித்து, கத்தரியால் வெட்டிக்கொள்கிறோம். சில மெஷின்கள், ரோலில் இருக்கும் சிப்பைப் படித்து, தன் கம்பெனி ரோல்தான் என்று தெரிந்தால்தான் அச்சடிக்கும். ரோல் கிடைக்காத நாளில் மெஷின் வெறும் பொம்மை.

வீட்டுக்கு இன்னொரு மெஷின் வாங்கவில்லை. அடுப்புப் பக்கத்து டப்பாக்களுக்கு அலுவலக டேப்பில் ஏழே ஏழு பெயர் அடித்து, அதற்கான காசை சாரிடம் கொடுத்துவிட்டேன். மற்றதற்கெல்லாம் என் இளம்பச்சை மெஷினே போதும். மாவு அரைத்த தேதி, ஊறுகாய் போட்ட மாதம் எல்லாம் எப்படியும் மாற வேண்டியவைதானே.

ஆனால் நான் மெஷின் வாங்கியதே மாத்திரைக்காக. அதை மட்டும் கடைசி வரை தள்ளிப்போட்டேன், பயம்தான்.

மருந்துக் கடைக்காரர் முதலிலேயே கண்டித்திருந்தார். "அட்டையில இருந்து பிரிக்கவே கூடாதும்மா. பேரு, காலாவதி தேதி எல்லாம் அதுலதான் இருக்கு. ஈரம் பட்டா சில மாத்திரை கெட்டும் போயிரும்." ஆகவே மாத்திரை அட்டையோடு அப்படியே இருக்கும், அட்டை போடும் பெட்டிக்குத்தான் லேபிள்.

பெட்டியை அத்தையே தேர்ந்தெடுத்தார். காலைக்கு மஞ்சள், ராத்திரிக்கு நீலம். மாமாவுக்கு இரண்டு, அத்தைக்கு இரண்டு. அவருக்கும் பிரஷர் உண்டு.

"என்ன எழுதணும் அத்தை? நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

கொஞ்சம் யோசித்தார். "அவருக்கு காலைலன்னு ஒண்ணு போடு. இன்னொண்ணு, எனக்கு காலைலன்னு போடு."

ஐம்பது வருஷத்தில் அத்தை மாமாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு டைப் செய்ய ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த மகன்தான் கேட்டான்: "அம்மா, தாத்தா பெட்டியை எடுத்து ‘எனக்கு’ன்னு படிச்சா, அது தாத்தாவுக்குன்னுதானே நினைப்பாங்க?"

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. அத்தையும் பேசவில்லை. எழுதுகிறவரை மட்டும் நினைத்து எழுதினால், படிக்கிறவருக்கு அது வேறொன்றாகிவிடும். நான் இங்கிலீஷில் ஒட்டியது, பேனாவில் எழுதியது, எல்லாமே அதே தப்புதான்.

கடைசியில் மகன் கூப்பிடும் பெயரையே வைத்தோம். ‘தாத்தா – காலை’, ‘தாத்தா – ராத்திரி’, ‘அப்பத்தா – காலை’, ‘அப்பத்தா – ராத்திரி’. அந்தப் பெயரில் வீட்டில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் இருவரிடமும் கொடுத்து, கண்ணாடி போட்டும் போடாமலும் படிக்கச் சொன்னேன்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், நிறத்தைப் பார்க்காதீர்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். கடையில் ‘கொத்தமல்லி’ என்று தமிழில் ஒன்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாள் நிற்க வேண்டும், அடுப்புப் பக்கமா, ஃபைல் மேலா என்று பார்த்து டேப்பைத் தேர்ந்தெடுங்கள். ரோல் விலையையும், அது சுலபமாகக் கிடைக்குமா என்பதையும் விசாரியுங்கள். மெஷினில் சார்ஜ் ஏறுமா, பேட்டரி போட வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பரணிலிருந்து நானே இறக்கிவிட்டேன். அதில் புளி இருக்கிறது. லேபிள் ஒட்டவில்லை.

இப்போது தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு மாமா நீலப் பெட்டியை எடுத்து, சத்தமாகப் படிக்கிறார்: "தாத்தா, ராத்திரி."

அடுக்களையிலிருந்து அத்தை கேட்பார்: "யாரு தாத்தா?"

"நான்தான்."

அதற்கு அப்புறம்தான் தண்ணிச் சொம்பு வரும்.