உலை ஆறும்வரை

ஏற்காடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுவது. காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டதால் சித்திக்கு ஓயாத வேலை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 900 டிகிரியில் சுட்டும் கறுப்பு மேக்னடைட் வராமல் சிவப்புப் பொடியே வருகிறது என்கிறாய். சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை, கண்ணு. உலை 500 டிகிரிக்கு இறங்கியதும் கார்பன் டை ஆக்சைடு, மோனாக்சைடு வாயுக் கலவையை மூடிவிடுவதாக எழுதியிருக்கிறாயே, கோளாறு அங்கேதான். இரும்பு எந்த ஆக்ஸிஜனேற்ற நிலையில் நிற்கும் என்பதைச் சூடும் சுற்றியுள்ள ஆக்ஸிஜன் அழுத்தமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஹெமடைட்டைக் காற்றிலேயே சுமார் 1,390 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் ஆக்ஸிஜனை விட்டு மேக்னடைட் ஆகும். அதே காற்றில் மெல்ல ஆறினால் விட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

நம் சேர்வராயன் மலையும் இப்படி ஆறிய உலைதான். 1997-இல் ஹார்லோவ், நியூட்டன், ஹான்சன், ஜனார்தன் ஆகியோர் இந்த மலைப் பாறைகளின் ஆக்சைடு, சல்பைடு கனிமங்களை ஆராய்ந்து, இவை மிகுந்த ஆக்ஸிஜனேற்றம் கொண்டவை என்று எழுதினார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்த பாறை இது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே மணிக்குள் ஹெமடைட்டும் இல்மனைட்டும் மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும். சூட்டில் ஒன்றாய்க் கரைந்திருந்தவை ஆறும்போது பிரிந்ததன் தடம் அது. பாறையைப் படிப்பவர்கள் வெந்த கதையையும் ஆறிய கதையையும் தனித்தனியே பிரித்துத்தான் படிப்பார்கள். உன் பொடியையும் அப்படியே பார்.

ஆகவே உலை ஆறும்போதும் அந்த வாயுக் கலவையை நிறுத்தாதே. 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை ஓடட்டும். மோனாக்சைடு மணமே இல்லாத நஞ்சு. வெளியேற்றும் குழாயும் எச்சரிக்கைக் கருவியும் சரியாக இருந்தால் மட்டும் உலைப் பக்கம் போ.

காந்தத்தில் ஒட்டுகிறது என்பதை மட்டும் நம்பிவிடாதே. மாக்ஹெமைட்டும் ஒட்டும், அதில் இரும்பு முழுவதும் மூன்றாம் நிலை. மேக்னடைட்டில் மூன்று இரும்புக்கு ஒன்று இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும். பொடியை வில்லையாக அழுத்தி மெருகில்லாத ஓட்டில் இழுத்துப் பார்: கறுப்புக் கோடு விழுந்தால் நல்லது, சிவந்தால் ஹெமடைட். உறுதிக்கு மோஸ்பாவர் அளவீடு எடு. ஒப்பிட்டுப் பார்க்கக் கஞ்சமலை மேக்னடைட் துண்டு ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் பொறுமைமேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அடுத்த முறை சுட்டதும் கோட்டின் நிறத்தை உடனே எழுது.

அன்புடன்,
சித்தப்பா