தெற்கு மேலே

உள்ளே நுழைகிற எல்லாரும் முதலில் தலையைச் சாய்க்கிறார்கள். சிலர் வலப்பக்கம், சிலர் இடப்பக்கம். ஒரு சிறுவன் மட்டும் குனிந்து, கால்களுக்கு இடையே எட்டிப் பார்க்கிறான். சுவரில் இருக்கிற உலகத்தில் தெற்கு மேலே இருக்கிறது. இத்தாலியின் பாதம் மேல்நோக்கி நீள்கிறது.

வெனிஸ், மார்ச்சானா நூலகம். பொன் பூசிய சதுரச் சட்டத்துக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். மரப்பலகைமேல் ஒட்டிய தோலில், 1450ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஃப்ரா மௌரோ என்ற துறவி உதவியாளர்களை வைத்துக்கொண்டு வரைந்தது. வெனிஸுக்கும் முரானோவுக்கும் நடுவே உள்ள சான் மிக்கேல் தீவில் அவருடைய மடம் இருந்தது. மடம் கலைக்கப்பட்ட பிறகு, 1811இல் படம் இங்கே வந்தது.

ஓர் இளம் தம்பதி வெனிஸைத் தேடுகிறார்கள். அவளுடைய விரல் காற்றில் வட்டத்தின் நடுவே அலைகிறது. அங்கே வெனிஸ் இல்லை. விரல் மெல்ல வலப்பக்கம் இறங்குகிறது. ஐரோப்பா முழுவதும் அந்தக் கீழ்க்கோடியில் ஒதுங்கியிருக்கிறது. தன் ஊருக்காக உலகத்தை வளைக்கவில்லை இந்தத் துறவி. ஜெருசலேமை உலகத்தின் நடுவில் வைப்பது அன்றைய கிறித்தவ வரைபடங்களின் வழக்கம். இவர் கணக்கில் அதுவும் மேற்கே நகர்ந்துவிட்டது. மக்கள் எங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள் என்று பார்த்தால் ஜெருசலேம் நடுவில்தான் இருக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். அளவையும் விடவில்லை, பக்தியையும் விடவில்லை. சொர்க்கத் தோட்டத்தை அழிக்கவில்லை. வட்டத்துக்கு வெளியே, கீழ் மூலைக்கு மாற்றிவிட்டார்.

உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு பெரியவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. படத்தில் ஏறத்தாழ 3,000 குறிப்புகள் உண்டு. அவர் உதடுகள் அசைகின்றன. உயரத்தில் உள்ளவை எட்டாததால் நுனிக்காலில் எம்புகிறார். அவர் பார்ப்பது இந்தியப் பெருங்கடலை. அங்கே பெரிய கப்பல்கள். நான்கு பாய்மரங்கள், வணிகர்களுக்கு 40 முதல் 60 அறைகள், ஒரே சுக்கான். திசைகாட்டி இல்லாமலே ஓடுபவை. உயரமான இடத்தில் தனியாக நிற்கும் ஒரு வானநூலார், கையில் நட்சத்திர உயரம் அளக்கும் கருவியோடு, கப்பல் போக வேண்டிய வழியைச் சொல்வாராம். ஆப்பிரிக்காவின் முனைக்கு அருகே இன்னொரு செய்தி: 1420ஐ ஒட்டி இந்தியாவிலிருந்து வந்த கப்பலொன்று அந்த முனையைத் தாண்டி, நாற்பது நாள் மேற்கே வானத்தையும் தண்ணீரையும் தவிர வேறொன்றும் காணாமல் ஓடித் திரும்பியது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடியும் படிக்கிறார்.

அந்தச் செய்திக்கு அன்று இருந்த கனம் பெரிது. ஐரோப்பியப் படிப்பாளிகளுக்கு அப்போது பழங்கால நிலநூலார் தாலமிதான் ஆசான். அவர் வழிவந்த படங்களில் இந்தியப் பெருங்கடலைத் தெற்கே நிலம் அடைத்துக்கொண்டிருக்கும். அது உண்மையானால் மேற்கிலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு வர வழியே இல்லை. ஃப்ரா மௌரோ அந்த நிலத்தை எடுத்துவிட்டார். ஆப்பிரிக்காவைச் சுற்றிலும் தண்ணீர் தீட்டினார். ஆசானை அவமதிக்கவில்லை, அவருக்குத் தெரியாத நாடுகளைப் போய்ப் பார்த்தவர்கள் இருக்கும்போது அவர்களைக் கேட்பதே முறை என்று நினைத்தார்.

ஒரு பெண் ஆப்பிரிக்காவுக்குக் கீழே வந்து நிற்கிறாள். எத்தியோப்பியாவின் ஆறுகளும் மலைகளும் நெருக்கமாக இருக்கும் இடம். அந்த நாட்டில் பிறந்த மதகுருமார்களே தங்கள் கையால் வரைந்து காட்டியதை வைத்து அந்தப் பகுதியை எழுதியதாக மௌரோ சொல்கிறார். அவள் கைப்பேசியை எடுக்கிறாள். படம் பிடிக்காமல் பைக்குள் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

என் கண் இந்தியாவுக்குப் போகிறது. இன்றைய கடற்கரையோடு ஒப்பிட்டால் வடிவம் ஒட்டாது. ஆனால் கிழக்கு நாடுகளின் செய்தி இங்கே வந்த வழி நமக்கு அந்நியமானதல்ல. கியோஜியாவைச் சேர்ந்த வணிகர் நிக்கோலோ தெ கோன்தி பல ஆண்டுகள் கிழக்கே சுற்றியவர். முத்துக் குளிக்கும் காயலையும் மயிலாப்பூரையும் பார்த்தவர். அவர் ஊர் திரும்பிச் சொன்னவை இந்தப் படத்தில் கலந்திருக்கின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். இலங்கையைத் தனியாகப் பிரித்து, தாலமி தப்ரபேன் என்ற தீவாக எண்ணி விவரித்தது உண்மையில் இந்தத் தீவைத்தான் என்றும் மௌரோ எழுதினார்.

மாலுமி யாரும் இந்தப் படத்தை விரித்து வைத்துக் கப்பல் ஓட்டவில்லை. அதற்குத் திசைக்கோடுகள் பின்னிய துறைமுக வரைபடங்கள் அவர்களிடம் இருந்தன. மத்தியதரைக் கடலின் கரைகளை மௌரோவும் அவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். இந்தப் படம் செய்தது வேறு வேலை. கப்பல் அனுப்புகிறவர்களுக்கு வழி உண்டு என்று சொன்னது. போர்ச்சுகல் அரசர் ஐந்தாம் அஃபோன்ஸோ பணம் கொடுத்து ஒரு பிரதி எழுதச் செய்தார். அது 1459இல் முடிந்தது, பின்னால் தொலைந்துபோனது. 1488இல் பர்தலமேயு தியாஸ் ஆப்பிரிக்க முனையைச் சுற்றினார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். தியாஸுக்கும் காமாவுக்கும் வேறு தகவல்களும் இருந்தன. ஆனாலும் அவர்கள் கண்டதை ஒரு தீவு மடத்தில் உட்கார்ந்திருந்தவர் முன்பே எழுதியிருந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். ஆசிரியை அவர்களைத் தரையில் உட்கார வைக்கிறார். ஒரு சிறுமி கையை உயர்த்துகிறாள்.

“இவர் அங்கெல்லாம் போனாரா?”

“போகவில்லை. போனவர்களைக் கேட்டு எழுதினார்.”

“அவர்கள் பொய் சொல்லியிருந்தால்?”

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. பூமியின் சுற்றளவைப் பற்றிய குறிப்புக்கு அவர்களை அழைத்துப் போகிறார். அங்கே 22,500 மைல் என்றும் 24,000 மைல் என்றும் இரண்டு கணக்கு இருக்கிறது.

“இரண்டையும் எழுதியிருக்கிறார், பார். இவை சோதித்துப் பார்க்கப்படாதவை, அதனால் முழுதாக நம்ப முடியாது என்றும் எழுதியிருக்கிறார். அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் அளந்து பார்க்கட்டும் என்றுதான்.”

“அளந்தார்களா?”

“அளந்தார்கள். இவர் படத்தில் இருந்த தவறுகளைத் திருத்தியதும் அவர்கள்தான்.”

சிறுமி நோட்டுப் புத்தகத்தில் இரண்டு எண்களையும் எழுதிக்கொள்கிறாள். மூன்றாவதாகச் சரியான எண் என்ன என்று கேட்கிறாள்.