எத்தனை நாள் ரகம்?

என் மாமனாருக்கு ‘சர்வர்’ என்றால் தோளில் துண்டோடு வந்து, ‘சூடா என்ன இருக்கு’ என்று ஒப்பிக்கிற ஆள்தான். 2020 ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரத்தநாட்டு வீட்டுத் திண்ணையில் நானும் மச்சானும், “சர்வருக்கு என்ன போடலாம்?” என்று அரைமணி நேரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டவர், “பத்து ரூபா போட்டா போதாதா மாப்ளே?” என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. அந்த வார்த்தையைத் தமிழ்நாட்டில் முதலில் வளைத்துப் போட்டது காபி கிளப்காரர்கள். 1964-ல் ‘சர்வர் சுந்தரம்’ வந்து பட்டாவும் கொடுத்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் இந்த சர்வருக்கும் அதே வேலைதான். எங்கேயோ ஒருத்தர் செல்போனில் ஒரு முகவரியைத் தட்டினால், உள்ளே போய், கேட்ட பக்கத்தை எடுத்துவந்து வைக்கிறது. எந்த டேபிளுக்கு முதலில், சமையலறைக்குள் யாரை விடலாம், யாரை வாசலோடு அனுப்பலாம் என்று கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும் இல்லையா? அவர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். எந்த ஆளைக் கல்லாவில் உட்கார வைப்பது என்பதுதான் அன்றைய பஞ்சாயத்து.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் மண்டபமும் விசாரிப்பார்கள். அதனால் சுற்றுவட்டார மண்டபங்களின் புக்கிங் கணக்கு மெதுவாக அவர் கம்ப்யூட்டருக்குள் குடிவந்துவிட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, தென்னை, கரண்ட் கம்பம் என்று பேதம் பார்க்காமல் சாய்த்துப் போட்டதே, நினைவிருக்கிறதா? எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. அத்தனை நாளும் எந்தத் தேதியில் யாருக்குக் கல்யாணம் என்ற விவரமெல்லாம் இருட்டுக் கம்ப்யூட்டருக்குள் நிம்மதியாகத் தூங்கியது. மண்டப மேனேஜர்கள்தான் தூங்கவில்லை. ‘இனிமே கணக்கு வெளியூர்ல இருக்கணும்’ என்று மச்சான் சபதம் போட்டார். சபதம் நிறைவேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் மாச வாடகைக்கு ஒரு சர்வர். அதில் மூன்று மண்டபம், ஒரு ரைஸ் மில், ஒரு நர்சரி ஸ்கூல்.

வாடகைக்கு எடுக்கும்போது மெனு கார்டு மாதிரி ஒரு பட்டியல் விரிகிறது. விண்டோஸ் சர்வர், உபுண்டு, டெபியன், சென்ட்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி... நான் பி.காம். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் கண் முதலில் வலதுபக்கம் ரூபாய்க்குத்தான் போகும். விண்டோஸ் என்றால் வாடகைக்கு மேல் லைசென்ஸ் பணம் தனி. உங்கள் ப்ரோகிராம் மைக்ரோசாஃப்ட் சாமான்களால் கட்டப்பட்டதென்றால் கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்ததற்குப் பத்து வருஷம் பார்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள். எங்களுடையது பி.ஹெச்.பி.யில் எழுதியது. அதற்கு லினக்ஸ் போதும். லினக்ஸ் ஓசி.

ஓசி என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் ‘சும்மா பொழுதுபோக்குக்கு’ ஆரம்பித்தது. 2017 நவம்பர் கணக்குப்படி உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸுக்கு வந்துவிட்டன. உங்கள் பாக்கெட்டில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள்ளும் அதுதான். நம் டெல்டாவுக்கும் இந்த விஷயத்தில் ஒரு சின்ன சொந்தம் உண்டு. திருவாரூரில் கலெக்டராக இருந்தபோது ஆபீஸ் ஆபீஸாகக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., பிறகு எல்காட்டுக்குப் போய், அங்கே விண்டோஸை நகர்த்திவிட்டு சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார்.

மாமனாருக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? திருத்துறைப்பூண்டி ‘நெல்’ ஜெயராமன்தான் கைகொடுத்தார். 2018 டிசம்பரில் மறைந்துபோன மனிதர். அவருடைய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை நெல் இரண்டு கிலோ சும்மா கொடுப்பார்கள். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது இன்னொரு விவசாயிக்குப் போகும். “லினக்ஸும் அப்படித்தான் மாமா. யார் வேணாலும் வாங்கிப் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை, நீங்க அதை மாத்தி இன்னொருத்தருக்குக் கொடுத்தா, எப்படி மாத்தினீங்கன்னும் சேர்த்துக் கொடுத்துடணும்.”

“அதுசரி, எத்தனை நாள் ரகம்?” என்றார்.

விதை நெல் வாங்கப் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். குறுவைக்கு ஆடுதுறை 43 என்றால் 110 நாள். சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்றால் 155 நாளுக்குக் குறையாது. மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பான், கல்லணைக் கால்வாயில் எப்போது நம் மடைக்கு வந்து சேரும், அறுப்பு மழையில் மாட்டுமா மாட்டாதா, எல்லாம் அந்த நாள் கணக்கில்தான் இருக்கிறது. விளைச்சல் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. நாங்கள் அரைமணி நேரமாக வேகம், பாதுகாப்பு, பெயர் என்று பேசிக்கொண்டிருந்தோமே தவிர இதைப் பேசவே இல்லை.

ஆனால் பதில் இருந்தது. லினக்ஸிலும் குறுவை, சம்பா உண்டு. ஃபெடோரா குறுவை. சுமார் பதிமூன்று மாதத்தில் ஆயுசு முடிந்து, அடுத்ததற்கு மாற வேண்டும். வீட்டில் வைத்து விளையாட நல்லது. உபுண்டுவின் நீண்டகால ரகம் ஐந்து வருஷம். சென்ட்ஓஎஸ் 8 என்றால் 2029 வரை! ரெட் ஹாட் கம்பெனி காசுக்கு விற்கிற லினக்ஸின் மூலத்தை எடுத்து, லேபிளை மாற்றிக் கட்டி, இலவசமாகக் கொடுப்பதுதான் சென்ட்ஓஎஸ். ஹோஸ்டிங்காரர்களில் பாதிப் பேர் அதைத்தான் கும்பிட்டார்கள். “2029 மாமா” என்றேன் பெருமையாக.

“ஓ, சம்பா. நல்லது. கொடுக்கறவங்க நடுவுல நிறுத்திட்டா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது, மச்சானுக்கும்.

2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் 8-ன் ஆயுள் 2029 இல்லை, 2021 டிசம்பர் 31. இனிமேல் ‘சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்’ மட்டும்தான். அது காசு ரகத்துக்குப் பின்னால் வருவதில்லை, ஒரு படி முன்னால் போவது. அதாவது விதைப் பண்ணையிலிருந்து சோதனை வயலுக்கு. உலகம் முழுக்க ஹோஸ்டிங்காரர்கள் கோபப்பட்டார்கள். நானும் ஒரு கை பார்க்கலாமென்று உட்கார்ந்தேன். ஆனால் அஞ்சு பைசா கொடுக்காமல் வாங்கிக்கொண்டவன் யாரிடம் போய்க் கோபப்படுவது? ரசீது கூடக் கிடையாது.

ஒரு வருஷம் அவகாசம் இருந்தது. அதை எப்படி வீணாக்கினோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயுசு முடிந்த மறுநாள் சர்வர் ஒன்றும் படுத்துவிடாது, நேற்று மாதிரியே ஓடும். ஓட்டையை அடைக்க வருகிற ஆள் மட்டும் வரமாட்டார். சத்தமே போடாத ஆபத்து என்பதால்தான் தள்ளிக்கொண்டே போனோம். 2021 மார்ச்சில் அல்மா லினக்ஸ் வந்தது. ஜூனில் ராக்கி லினக்ஸ் வந்தது, சென்ட்ஓஎஸ்ஸை ஆரம்பித்தவர்களில் காலமாகிவிட்ட ஒருவரின் பெயரை வைத்து. இரண்டும் பழைய சென்ட்ஓஎஸ்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். பழைய சர்வரிலேயே ஆளை மாற்றிவிட்டுப் போக வழியும் இருந்தது. இன்றைக்குக் கேட்டால் அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்பேன்.

நாங்கள் எடுத்தது உபுண்டு 20.04. ஏன்? கும்பகோணத்தில் ஒரு பையன், ‘கணியம்’ இணைய இதழில் தமிழிலேயே லினக்ஸ் படித்து வளர்ந்தவன். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டாலும் எடுப்பான். அவனுக்குத் தெரிந்தது உபுண்டு. நீங்கள் சின்ன அளவில் ஹோஸ்டிங் செய்கிறவர் என்றால் இது மோசமான காரணம் இல்லை, நான் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். உலகத்திலேயே சிறந்த ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கூப்பிட்டால் வருகிற ஆளுக்கு எது தெரியும்?

டிசம்பர் 28 ராத்திரி. நவம்பர் மழையில் மூழ்கின வயலை நினைத்துக்கொண்டு மாமனார் உள்ளே புரண்டுகொண்டிருக்க, நாங்கள் புது சர்வருக்குக் குடிபோனோம். எல்லாக் கோப்பும் வந்தது. மண்டபப் படங்கள் வந்தன. புக்கிங் வந்தது. இரண்டு மணிக்கு டீ போட்டுக் குடித்தோம்.

நாலாம் நாள் சமையல் கான்ட்ராக்டர் போன் செய்தார். “அண்ணே, தை மாசம் அந்த வியாழக்கிழமைக்கு ஒரே மண்டபத்துல ரெண்டு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கேன். நான் பண்ணது தப்பா, நீங்க பண்ணது தப்பா?”

நாங்கள் பண்ணதுதான். எங்கள் ப்ரோகிராம் தேதியைத் தேதியாக எழுதி வைப்பதில்லை. 1970 ஜனவரி 1-லிருந்து அந்த நாள் நள்ளிரவு வரை எத்தனை விநாடி என்று எண்ணி வைக்கும். பழைய சர்வரில் ‘இந்திய நேரம்’ என்று ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் மச்சான் எப்போதோ எழுதியிருந்தார். புது சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடியது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். வியாழன் நள்ளிரவு பன்னிரண்டு மணி அதற்குப் புதன் சாயங்காலம் ஆறரை! மூன்று மண்டபத்தின் அத்தனை கல்யாணமும் ஒரே ராத்திரியில் ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிட்டன. வியாழன் காலி என்று திரையில் பார்த்த மேனேஜர், வந்த பார்ட்டியிடம் சந்தோஷமாக அட்வான்ஸ் வாங்கிவிட்டார். முதல் பார்ட்டியின் பத்திரிகை அச்சானது எங்கள் கடையிலேயேதான், சரியான தேதியோடு, பக்கத்துக் கம்ப்யூட்டரில்.

செட்டிங்ஸில் ஒரு வரி எழுதியதும் எல்லாத் தேதியும் இடத்துக்குத் திரும்பின. இரண்டாவது பெண்ணின் அப்பா திரும்பவில்லை. கடையில் வந்து உட்கார்ந்தார். ரிட்டயர்டு வாத்தியார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். “பொண்ணுக்கு மூணு வருஷமா தேடி அமைஞ்ச இடம் தம்பி. மண்டபம் இல்லைன்னு நான் எப்படி சம்பந்தி வீட்ல போய் நிப்பேன்?” என்று மட்டும் கேட்டார். மச்சான் எழுந்து நின்றவர் அவர் போகும்வரை உட்காரவில்லை. வேறு மண்டபம் பிடித்து, வாடகை வித்தியாசம் 35,000 ரூபாயைக் கடையிலிருந்து கட்டினோம். பத்திரிகையைப் புதிதாக அடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொரோனாவால் கல்யாணத்துக்கு நூறு பேர்தான் என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். சின்ன மண்டபமே போதும் என்று அவரே பெரிய மனசு பண்ணிச் சொன்னார். அந்தக் கல்யாணத்தில் நானும் மச்சானும் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினோம். மாமனார் சொன்ன அர்த்தத்திலும் சர்வர் ஆகிவிட்டோம்.

உபுண்டு 20.04-க்கு 2025 மே மாதத்தோடு கெடு முடிந்தது. இந்தத் தடவை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டோம். பழைய சர்வரில் நாங்கள் கைவைத்த ஒவ்வொரு செட்டிங்ஸையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். முதல் வரி: நேரம். புதியது 24.04. கும்பகோணத்துப் பையன் இப்போது பெங்களூரில் வேலையாக இருக்கிறான், ஆனாலும் போன் எடுக்கிறான்.

வேலை முடிந்து திண்ணைக்கு வந்தோம். மாமனார் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“மாத்தியாச்சா? எத்தனை நாள் ரகம்?”

“2029 வரைக்கும் மாமா.”

ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “போன தடவையும் 2029-ன்னுதானே சொன்னீங்க?”