கவந்தி தைக்கும் கைகள்: யெல்லாப்பூர் நாட்குறிப்பு

ஜனவரி 5, திங்கள். யெல்லாப்பூர்

ஹூப்ளியில் யெல்லாப்பூர் பஸ் கிடைக்க மத்தியானமாகிவிட்டது. கல்கட்டகி வரை சோளமும் பருத்தியும் போட்ட வெட்டவெளி. கிர்வத்தியை நெருங்கும்போது தேக்குக் காடு ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெயில் தெரியவில்லை, மேற்குத் தொடர்ச்சி மலைக் காற்று ஜன்னல் வழியாகச் சில்லென்று அடித்தது.

வழியில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக ஏறினார்கள். அவர்களில் நாலைந்து பேர் சுருட்டை முடியும் ஆப்பிரிக்க முகமுமாக இருந்தார்கள். கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சத்தமாகக் கன்னடத்தில் கேலி பேசிக்கொண்டே வந்தார்கள். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரியான நான் மட்டும்தான் பார்த்தேன்.

சித்தி இன மக்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் யெல்லாப்பூர், ஹளியாள், அங்கோலா, முண்டகோடு பக்கத்துக் காட்டோர ஊர்களில் வாழ்கிறார்கள். 1510-ல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்த பிறகு, மொசாம்பிக்கிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கப்பல் கப்பலாக அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். வீட்டுவேலை, துறைமுக மூட்டை, காவல் எல்லாம் அவர்கள் தலையில். தப்பியவர்கள் மலையேறி இந்தக் காட்டுக்குள் வந்தார்கள். தக்காணத்து சுல்தான்களின் படைகளோடு வந்து தங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய பேரன் பேத்திகள் தைக்கும் ஒட்டுப்போர்வையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். அதற்குப் பெயர் கவந்தி.

ஜனவரி 6, செவ்வாய்

கல்லூரியில் படிக்கும் சித்திப் பையன் ஒருவன் மொழிபெயர்க்க வருகிறான். வீட்டில் அவர்கள் பேசுவது கொங்கணி. என் அரைகுறைக் கன்னடம் அங்கே பாதிதான் செல்லும்.

பாக்குத் தோட்டங்களைத் தாண்டி, வயல் ஓரமாக நடந்து போனோம். பாக்குக் குலை இறக்கும் காலம். மரத்தின் உச்சியில் இருந்தவரும் கீழே கயிறு பிடித்திருந்தவரும் சித்திகள். தோட்டம் அவர்களுடையதில்லை. “தாத்தா காலத்தில் கூலி கிடையாது, கடன்தான். அப்பா வாங்கிய கடனுக்கு மகன் போய் உழைப்பான்” என்றான் பையன்.

கேட்கும்போது தஞ்சாவூர்ப் பண்ணையாள் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843-ல் ஆனது. போர்த்துக்கீசியர் 1869-ல் ஒழித்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆக வேண்டியிருந்தது. ஒரு முதலாளியிடமிருந்து தப்பிக் காட்டுக்கு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள், காட்டை வெட்டித் தோட்டம் போட்ட இன்னொரு முதலாளியிடம் மாட்டிக்கொண்டார்கள். சட்டப்படி விடுதலை என்பதற்கும் சாப்பாட்டுக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பதற்கும் நடுவில் இத்தனை வருஷம் கிடக்கிறது.

நாங்கள் தேடிப்போனது கவந்தி தைக்கும் ஓர் அஜ்ஜியின், அதாவது பாட்டியின், வீடு. சாணம் மெழுகிய தரை, ஓட்டுக்கூரை. திண்ணைக் கொடியில் ஒரு கவந்தி வெயிலுக்குப் போட்டிருந்தது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தது. அஜ்ஜி வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “போட்டோ எடுக்கவா, வாங்கவா, கத்துக்கவா?” என்று கேட்டார். மூன்று வகை ஆட்களும் வந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உட்கார்ந்து பார்க்க வந்தேன் என்றேன். “அப்படியென்றால் நாளைக்கு வா. இன்றைக்கு நெல் காயப்போட வேண்டும்.”

ஜனவரி 7, புதன்

இன்று முழுக்க அஜ்ஜியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்துத் தரையில் விரிக்கிறார். அதுதான் அடித்துணி. சட்டமில்லை, குண்டூசி இல்லை, சாக்குக்கட்டி இல்லை, அளவுகோலும் இல்லை. ஒரு மூலையில் ஆரம்பிக்கிறார். கிழிந்த லுங்கித் துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு. இஸ்திரி போட்ட மாதிரி மடிப்பு நிற்கிறது. அதை அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல். ஒரு தையல் ஓர் அரிசி நீளம்தான். அதன் பக்கத்தில் அடுத்த துண்டு, அதன் ஓரத்தை மூடியபடி. இப்படியே விளிம்போடு விளிம்பாகப் போர்வையைச் சுற்றி வருகிறார். ஒரு சுற்று முடிந்ததும் அதற்கு உள்ளே அடுத்த சுற்று. கடைசித் துண்டு நடுவில் போய் உட்காரும்போது போர்வை முடிந்துவிடும்.

நம் ஊரில் தையல் தெரிந்தவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். மேல்துணியைத் தனியாக ஒட்டித் தைத்து, அப்புறம் அடித்துணியோடு சேர்த்துத் தைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். இங்கே ஒட்டுவதும் சேர்ப்பதும் ஒரே தையலில் நடக்கிறது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் கனம் தானாக வருகிறது. நடுவில் பஞ்சு வைக்க வேண்டியதில்லை. தையல் வரிசைகள் இரண்டு பக்கமும் தெரியும். பின்பக்கம் திருப்பினால், ஒரே நிறச் சேலைமேல் நூலின் கோடுகள் மட்டும் சதுரம் சதுரமாக உள்ளே இறங்கிப் போகின்றன. எனக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் பிடித்தது.

துணிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பேத்தியின் பள்ளிச் சீருடை நீலம். ஒரு நைட்டியின் பூப்போட்ட கை. சட்டைப் பை, பொத்தான் துளையோடு அப்படியே. பழைய பருத்தி என்றால் அஜ்ஜிக்கு இஷ்டம், ஊசி சுலபமாக இறங்கும். வழுக்கும் சேலைத் துணியைக் கையில் எடுத்தால் முகம் சுளிக்கிறார்.

நிறத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு பச்சைத் துண்டை எடுத்து, ஏற்கெனவே தைத்த பச்சைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. அதை எடுத்துவிட்டு ஆரஞ்சு நிறத்தை வைத்தார். உடனே பச்சை எழுந்து நின்றது. பாடம் அவ்வளவுதான்.

கடைசி வேலை மூலைகளில். சின்னச் சதுரத் துணியை மடித்து மடித்து முக்கோணமாக்கி, நான்கு மூலையிலும் வைத்துத் தைக்கிறார்கள். ஃபூலா என்று பெயர், பூ. அது எதற்கும் பயன்படாது. போர்வை அது இல்லாமலும் குளிரைத் தாங்கும். ஆனால் ஃபூலா வைக்காமல் விட்டால் கவந்தி அம்மணமாக நிற்கும் என்கிறார்கள்.

ஜனவரி 8, வியாழன். லாட்ஜ்

அஜ்ஜி ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார். அறையிலேயே இருந்து படித்தேன்.

தக்காணத்து வரலாற்றில் ஆப்பிரிக்க அடிமைகளுக்குப் பெரிய இடம் உண்டு. எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறி அகமதுநகருக்கு வந்த மாலிக் அம்பர் அந்த அரசையே நடத்தினார். 1626-ல் சாகும்வரை முகலாயர்களுக்குச் சிம்மசொப்பனம். பின்னால் ஔரங்காபாத் என்று பெயர்பெற்ற ஊர் அவர் உருவாக்கியது. அகமதாபாத்தில் 1573-ல் எழுந்த சித்தி சையது மசூதியின் கல் ஜன்னலை, கொடியும் மரமும் பின்னிய அந்தச் சல்லடை வேலையை, உலகமே பார்க்கிறது. கட்டுவித்தவர் ஓர் ஆப்பிரிக்கர். ஜஞ்சிராக் கடற்கோட்டையை ஆண்டவர்களும் சித்திகளே.

வாள் பிடித்தவர்களுக்கும் பதவி கிடைத்தவர்களுக்கும் சரித்திரத்தில் பெயர் இருக்கிறது. யெல்லாப்பூர்க் காட்டுக்கு வந்தவர்களுக்கு வாளும் இல்லை, கோட்டையும் இல்லை. கிழிந்த துணி இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இப்படி ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட். பருத்தித் தோட்ட அடிமைகளின் வாரிசுகள் அங்கே உழைத்துக் கிழிந்த உடுப்புகளிலிருந்து போர்வை தைத்தார்கள். அங்கே முதலாளியின் பெயர்தான் நிலைத்தது: பெட்வே என்ற தோட்டக்காரரின் குடும்பப் பெயரை ஊரில் பாதிப் பேர் இன்றும் சுமக்கிறார்கள். ஓட்டுரிமைக்காக அவர்கள் அக்கரைக்குப் போக ஆரம்பித்ததும், 1962-ல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தது 2006-ல். அதே 2006-ல் அவர்களுடைய போர்வைகள் அமெரிக்கத் தபால்தலைகளில் அச்சாகின. 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி அவர்களை நவீன ஓவியர்களின் வரிசையில் வைத்தது. அதற்கு முன்பே, 1966-ல், அந்த வட்டாரப் பெண்கள் தங்களுக்கென்று கூட்டுறவு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அருங்காட்சியகம் வருவதற்கு முப்பத்தாறு வருஷம் முன்னால் வந்தது கூட்டுறவு. இந்த வரிசையை மறக்கக் கூடாது.

ஜனவரி 10, சனி. ஹளியாள் பக்கம்

இங்கே முஸ்லிம் சித்திகள் அதிகம். யெல்லாப்பூர்ப் பக்கம் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். மூன்று மதம், ஒரே தையல். முஸ்லிம் வீட்டுக் கவந்தியில் பிறை வருகிறது, கிறிஸ்தவர் வீட்டில் சிலுவை, இந்து வீட்டில் துளசிச் செடி.

தொட்டில் பிள்ளைக்கான சின்னக் கவந்தி ஒன்றைக் காட்டினார்கள். பெரிய துண்டுகள்மேல் விரல்நகம் அளவுத் துணிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தன. திக்கெலி என்கிறார்கள். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காகப் பாட்டி தைத்தது. விற்பனைக்கா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அடித்திருப்பார்கள்.

கவந்தியை முழுக்க ஆப்பிரிக்கச் சொத்து என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. வட கர்நாடகத்தில் கவுதி என்ற ஒட்டுப்போர்வை தைக்காத கிராமம் அபூர்வம். மராட்டியத்தில் கோதடி, வங்காளத்தில் காந்தா. பழந்துணியை வீணாக்காத பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் நூறு போர்வைக்கு நடுவில் சித்தி வீட்டுக் கவந்தியை அடையாளம் காண முடியும். மூலையில் தொடங்கி நடுவில் முடியும் சுற்று, வரிசைக்குக் கட்டுப்படாத நிறம், மூலைப் பூ, இவை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கைவேலையை வெளியுலகுக்குக் கொண்டுபோனதில் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவலுக்குப் பங்கு உண்டு. 2004-ல் சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு உருவானது. 2011-ல் நியூயார்க்கின் ஷாம்பர்க் மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வந்தன. இப்போது அமெரிக்காவில் ‘கவந்தி பாணி’ பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் கட்டிக் கற்கிறார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

பையனோடு நீண்ட பேச்சு. 1987-ல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திப் பிள்ளைகளைத் தேடிவந்து ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி கொடுத்தது. ஆப்பிரிக்க உடம்பு, ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுக்கும் என்ற கணக்கு. சிலர் நன்றாகவே ஓடினார்கள். 1993-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். “அப்போதும் எங்கள் உடம்பைத்தான் பார்த்தார்கள்” என்றான் பையன். அடிமைச் சந்தையில் பல்லையும் தோளையும் பார்த்து வாங்கிய வழக்கத்தை அவன் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

2003-ல் உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். தார்வாட், பெலகாவி மாவட்டத்தவர்களுக்கு அதே உரிமை கிடைக்க 2020 ஆனது. அதே வருஷம் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார், அவர் இனத்தில் முதல் ஆள். சான்றிதழ் வந்ததும் படிப்புக்கு வழி திறந்தது என்கிறான். நிலப்பட்டாதான் இன்னும் பல வீட்டில் இழுபறி.

ஜனவரி 12, திங்கள்

அஜ்ஜியிடம் ஒரு கவந்தி வாங்கினேன். விலை கேட்டதும் பக்கத்திலிருந்த மருமகளைப் பார்க்காமல், பையனைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார். பெரியவர் போர்த்துகிற அளவு என்றால் வீட்டுவேலை, வயல்வேலை போக ஒரு மாதத்துக்குமேல் ஆகுமாம். அவர் சொன்ன தொகையை நாள்களால் வகுத்துப் பார்த்தேன். பாக்குத் தோட்டத்து நாள்கூலிகூடத் தேறவில்லை. கூடுதலாகக் கொடுக்கப் போனேன். “நான் சொன்னதைக் கொடு, போதும். அடுத்த போர்வைக்கு விலையை ஏற்றுகிறேன், அப்போது வந்து வாங்கு” என்றார்.

அவருடைய முன்னோர்களுக்கு விலை வைத்தவர்கள் வேறு ஆட்கள். இவர் தன் உழைப்புக்குத் தானே விலை வைக்கிறார். மியூசியம், கண்காட்சி, வெளிநாட்டுப் பேராசிரியர் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கைவினைஞர் என்ற மரியாதை அங்கே முடிவாவதில்லை. செய்தவர் சொன்ன விலை நிற்கிறதா, செய்தவர் பெயர் சாமானோடு சேர்ந்து போகிறதா, இந்த இரண்டிலும்தான் முடிவாகிறது. பாணி நியூயார்க் வரை போய்விட்டது. பணம் அதே வேகத்தில் காட்டுக்குத் திரும்பி வரவில்லை.

கவந்தி வாங்க நினைக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முடிந்தால் தைத்தவரிடமோ அவர்கள் கூட்டுறவிடமோ நேராக வாங்குங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.